ஒருவர் போதாது என்றவர்

அவர் கை தூக்கும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த பிள்ளையின் கைபோல அது நேரே மேலே போகாது. முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை எதிரே இருப்பவரின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பார், சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் லொறியை மறிப்பதுபோல. பிறகு அவசரமே இல்லாத குரலில் சொல்வார்:

“நான் மறுக்கிறன்.”

எதை மறுக்கிறார் என்பது பிறகு வருகிற விசயம். சுவிசில் நாங்கள் இருக்கும் லோசான் நகரத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டப் பிள்ளையின் பெரியப்பாவை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். மறுத்தார். “தாய் வழியிலையும் ஒரு பெரியப்பா இருக்கிறார். அவரையும் ஏத்துங்கோ.” ஒரு கலியாண வீட்டில் ஆட்டிறைச்சிக் கறிக்கு உப்புப் போடும் பொறுப்பு ஒரே ஆளிடம் இருப்பதைக் கண்டு மறுத்தார். இன்னொருவரையும் சேர்த்தார்கள். இரண்டு பேரும் தனித்தனியே உப்புப் போட்டார்கள். அந்தக் கறியை நான் இன்றைக்கும் நினைத்துத் தண்ணீர் குடிப்பதுண்டு. அவர் அசையவில்லை. “உப்புக் கூடினால் கூடட்டும். ஒருத்தன்ரை நாக்கை நம்பி இருநூறு பேர் சாப்பிடக்கூடாது.”

இங்கே பிறந்த பிள்ளைகள், மறுப்பதற்கு அவர்கள் படித்த சொல்லை வைத்து, அவரை ‘வீட்டோ மாமா’ என்றார்கள். அவருடைய மனைவி மட்டும், “உந்த வீட்டோ எல்லாம் வாசலுக்கு வெளியிலைதான்” என்பார். நான் அண்ணை என்று கூப்பிடுகிற அவர் அதை மறுத்து நான் பார்த்ததில்லை.

இந்த வியாதி எங்கே தொற்றியது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைக்குக் கிரேக்க உரோம நாகரிகம் என்று ஒரு பாடம் இருந்தது. சுகமாகச் சித்தியடையலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை எடுத்தார். மூன்று தரம் எடுத்தார். மூன்று தரமும் கோட்டை விட்டார்.

“ஒரே தரத்திலை பாஸ் பண்ணினவனுக்கு அடுத்த கிழமையே எல்லாம் மறந்துபோகும் தம்பி. நான் மூண்டு வருசம் அந்த ஊரிலை குடியிருந்திருக்கிறன்.”

பிறகு சுவிசுக்கு வந்து, அகதி விண்ணப்பம், அனுமதிப் பத்திரம், அலுவலகங்களில் கிளீனிங் வேலை என்று எல்லோரையும்போல வாழ்ந்தார். ஆனால் அவர் உரோமாபுரியைப் பற்றிக் கதைத்தால் அது சரித்திரம்போல இருக்காது. பக்கத்து வீட்டுக் குடும்பச் சண்டையை மதிலுக்கு மேலால் பார்த்தவர் வந்து சொல்வதுபோல இருக்கும்.

“ராசாவைக் கலைச்சுப்போட்டு என்ன செய்தாங்கள் தெரியுமோ? அந்த இடத்துக்கு ரெண்டு பேரை வைச்சாங்கள். ஒரு வருசத்துக்குத்தான். ஒராள் செய்யிறதை மற்றாள் மறிக்கலாம்.”

“ரெண்டு பேரும் மறிச்சுக்கொண்டே இருந்தால் அலுவல் நடக்குமோ அண்ணை?”

“நடக்காது. அதுதானே அதின்ரை அழகு.”

எனக்கு அதில் அழகு தெரியவில்லை. என்னைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவன். பிறவியிலேயே பயந்தவன். பயம் வந்தால் என் வயிறு என்னைக் கேட்காமலே தீர்மானம் நிறைவேற்றிவிடும். அதை வெளியே காட்டாமல் இருக்கப் பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவைப்பேன். ஊரில் என்னைப் பகிடிக்காரன் என்பார்கள். உண்மையில் அது மருத்துவக் குறிப்பு.

2009 ஆனி மாதம், ஊரில் போர் முடிந்த கையோடு. ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் ஊர்க்காரர் எழுபது பேர் கூடினோம். வன்னியிலிருந்து எங்கள் ஆட்களில் யார் எந்த முகாமுக்கு வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். அதற்கு ஒரு சங்கம் வேண்டும். யாரும் சரியாக நித்திரை கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோரும் ஒரே வயதுக்காரர்போலத் தெரிந்தோம்.

பேக்கரியில் வேலை செய்யும் ஒருவர் எழுந்தார். “ஒருத்தரைத் தலைவராப் போடுவம். அவர் சொல்லுறதை எல்லாரும் செய்வம். கெதியா முடியும்.”

அண்ணையின் கை தூக்கலை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

“நான் மறுக்கிறன். ஒராள் வேண்டாம்.”

“ஏன் அண்ணை?”

“ஊரிலை ஒராள் சொல்லி மற்ற எல்லாரும் செய்து பார்த்தாச்சு.”

அவர் என்ன சொல்கிறார் என்று எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் ஒருவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால் அடிபாடு நடந்திருக்கும். அன்று அடிக்கிறதற்கும் ஆட்களிடம் தெம்பில்லை. ஓம் என்று சொல்லவும் தெம்பில்லை, இல்லை என்று சொல்லவும் தெம்பில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில், சங்கத்துக்கு என்று அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த யாப்பு, அதாவது விதிகள், நிறைவேறியது.

யாப்பு இப்படி: இரண்டு தலைவர்கள். ஒரு மாதம் ஒருவர் கையில் மைக், அடுத்த மாதம் மற்றவர் கையில். ஒரு வருடம் முடிந்தால் இறங்க வேண்டும். பத்து வருடத்துக்குத் திரும்ப அதே பதவிக்கு ஏற முடியாது. இவர்களுக்கு மேலே, அதே விதிகளோடு, மறுப்பதற்கு மட்டுமே மூன்று மக்கள் பிரதிநிதிகள். இதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். உரோமாபுரியில் ஏழைகள் எல்லோரும் ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு ஊருக்கு வெளியே ஒரு மலையில் போய் இருந்துவிட்டார்களாம். “பாண் சுட ஆள் இல்லை, கூட்ட ஆள் இல்லை. பெரிய ஆக்கள் மன்றாடித் திரும்பிக் கூட்டிக்கொண்டு வந்தவை. அப்ப குடுத்ததுதான் இந்த உத்தியோகம். இல்லை எண்டு சொல்லுறது மட்டும்தான் வேலை.” ஓட்டல் சமையலறைகளிலும் ஆஸ்பத்திரிக் கிளீனிங்கிலும் வேலை செய்கிற எழுபது பேருக்கு இந்தக் கதை மட்டும் உடனே பிடித்துவிட்டது. பிரதிநிதிகள் மறுத்தால் மறுத்ததுதான். அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் பொதுக் கூட்டத்தில் எந்த உறுப்பினரும் கை தூக்கி மறிக்கலாம் என்று அண்ணை தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அது உரோமாபுரியிலேயே இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பெரிய ஆபத்து வந்தால் மட்டும் ஒரே ஆள். ஆறு மாதம். அலுவல் முன்பே முடிந்தால் முன்பே போய்விட வேண்டும்.

“ஒருத்தன் வயல் உழுதுகொண்டு நிண்டவன் தம்பி. கூப்பிட்டு முழு அதிகாரத்தையும் குடுத்தாங்கள். பதினாறு நாளிலை சண்டையை முடிச்சுப்போட்டுத் திரும்ப உழப் போட்டான்.”

“மிச்சம் அஞ்சரை மாதம்?”

“விட்டிட்டான்.”

எத்தனை தரம் சொன்னாலும் இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பார்.

மண்டபத்தை ஒழுங்காக வாடகைக்கு எடுக்கச் சங்கத்தைப் பதிய வேண்டியிருந்தது. கொம்யூன் என்கிற நகரசபைக் கந்தோரில் நானும் அவரும் போய் இருந்தோம். பதிவு மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தார். இரண்டு தலைவர்கள் என்றால் இந்த வெள்ளைக்காரி எங்களை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அந்த அம்மா படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “எங்களுடைய நாட்டை ஏழு பேர் சேர்ந்துதான் ஆளுகிறார்கள். இந்த வருடம் அதில் யார் தலைவர் என்று கேட்டால் நான் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்” என்றார் பிரெஞ்சில்.

அண்ணை வெளியே வந்து படியில் நின்றார். “பார்த்தியோ? சீவிக்கத் தெரிஞ்ச சனம்.”

முதல் வருடம் அவர் மக்கள் பிரதிநிதி. அந்த உத்தியோகத்தில் இருக்கிறவரின் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும், முறையிட யாரும் வரலாம் என்பது உரோமாபுரிச் சட்டமாம். மூன்றாம் மாடியில் இருந்த தன் வீட்டுக் கதவைச் சப்பாத்து ஒன்றை இடுக்கிக் கொடுத்துத் திறந்தே வைத்தார். முறையிட ஊர்ச்சனம் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் குடும்பத்துப் பூனை வந்தது. மிளகாய் பொரிக்கும் மணம் மாடிப்படி முழுக்கப் போய், கட்டடப் பராமரிப்பாளர் ஏறி வந்து முறையிட்டார். அண்ணை அவரை உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, முறைப்பாட்டை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பதவிக் காலத்தில் அவருக்கு வந்த ஒரே முறைப்பாடு அதுதான். அவருக்கு எதிரான முறைப்பாடு.

இரண்டாம் வருடம் தலைவர்களில் ஒருவர். மார்கழி முப்பத்தோராம் திகதி மத்தியானத்தோடு பதவி முடிகிறது. நாங்கள் முகாமிலிருந்து வெளியே வந்த குடும்பங்களுக்கு அனுப்பும் உடுப்புப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மணி அடித்தது. அண்ணை பெட்டி ஒட்டும் ரேப் நாடாவைப் பாதியில் வெட்டினார்.

“அப்ப நான் போட்டு வாறன்.”

“அண்ணை, பெட்டி திறந்து கிடக்குது!”

“புதுத் தலைவர் ஒட்டுவார்.”

சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனவர், அரை நிமிடம் நின்று, திரும்பி வந்தார். “இப்ப நான் சாதாரண உறுப்பினர். ரேப்பைத் தாங்கோ.” உட்கார்ந்து பின்னேரம் வரை ஒட்டினார்.

அந்த வருடங்களில் எங்கள் சங்கம் ஒரு பெரிய நகைச்சுவையாக இருந்தது என்று மற்ற ஊர்ச் சங்கத்தார் சொல்வார்கள். பேக்கரிக்காரரும் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த ஒரு அக்காவும் தலைவர்களாக இருந்தபோது ஒரு ஒலிபெருக்கி வாங்கும் தீர்மானத்தை ஒருவருக்கொருவர் மாறி மாறி எட்டு மாதம் மறித்தார்கள். விளையாட்டுப் போட்டியில் கயிறிழுத்தலுக்குக் கயிறு இல்லை. மக்கள் பிரதிநிதி ஒருவர் கயிற்றை மறுத்திருந்தார், காரணம் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் ஒன்று. நொஷாட்டலில் ஒரு சங்கம் இரண்டானது, சூரிச்சில் ஒன்று மூன்றானது. எங்களுடையது உடையவில்லை. கூட்டத்துக்குள்ளேயே எல்லாச் சண்டையையும் பிடித்துவிட்டதால் வெளியே கொண்டுபோக மிச்சம் இருக்கவில்லை.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை, அப்படிப் போயிருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். நகரத்துக்கு வெளியே வீடு வாங்கிப் போனார்கள், பிள்ளைகளை நீச்சலுக்குக் கூட்டிப் போனார்கள், சனிக்கிழமைகளில் களைத்துப் படுத்தார்கள். எழுபது பேர் நாற்பதானது, இருபதானது. மக்கள் பிரதிநிதிக்கு யாரும் நிற்பதில்லை. அதே மூன்று பேர் பத்து வருட விதியை மறந்து திரும்பத் திரும்ப இருந்தார்கள். அண்ணை ஒவ்வொரு தரமும் கை தூக்கி மறுத்தார். “அப்ப ஆரைப் போடுறது அண்ணை, நீங்களே சொல்லுங்கோ” என்று கேட்டார்கள். அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்ப்பார். கை தானாக இறங்கும்.

ஒருநாள் மெட்ரோவில் என்னிடம் சொன்னார். “சீசர்தான் குடியரசைச் சாக்காட்டினவன் எண்டு படிப்பிக்கிறாங்கள். பிழை. அவனுக்கு முதலே தூரத்திலை சண்டை நடக்குது, ஒரு வருசம் காணாது எண்டு தளபதிமாருக்குக் காலத்தைக் கூட்டிக் கூட்டிக் குடுத்தாங்கள். ஒரு வருசம், ரெண்டு வருசம், அஞ்சு வருசம். சனம் வாக்குப் போடுறதுக்கு வரிசையிலை நிண்டு களைச்சுப் போச்சு. அவன் வரேக்கை குடியரசு கதிரையிலை இருந்து நித்திரை கொண்டுகொண்டிருந்தது.”

“எழுப்பியிருக்கலாமே அண்ணை.”

“எழுப்பினவங்கள். எழும்பி, ஏன் எழுப்பினனீ எண்டு கேட்டது.”

2020 பங்குனியில் தொற்றுநோயால் ஊரடங்கிப் போனது. எங்கள் ஊர் முதியவர் ஒருவர் இறந்தார். மரணச் சடங்குக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் போகலாம். யார் போவது? அந்த வருடத்துத் தலைவர்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டிருந்தார்கள். பிரேதம் காத்துக்கொண்டிருந்தது. அண்ணைதான் எல்லோரையும் தொலைபேசியில் சேர்த்துச் சொன்னார்.

“இது அந்த ஆபத்துத்தான். ஒராளைப் போடுவம். ஆறு மாதம்.”

“ஆரை?”

“தம்பியைப் போடுவம்.” தம்பி என்றது என்னை. “அவன் பயந்தவன். பயந்தவன் பதவியிலை ஒட்டிக்கொண்டிருக்க மாட்டான்.”

அவர் தன் வாழ்நாளில் விட்ட பெரிய பிழை அது. மூன்று தரம் கோட்டை விட்ட பரீட்சையைவிடப் பெரியது. பயந்தவன் எதை விடுவதற்கும் பயப்படுவான் என்று அவருடைய உரோமாபுரியில் யாரும் எழுதி வைக்கவில்லைப் போலிருக்கிறது.

முதல் கிழமை சாப்பாடு இறங்கவில்லை. குளியலறையிலிருந்தபடியே மூன்று முடிவுகள் எடுத்தேன். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. முடிவுகள் நடந்தன. சடங்குக்கு யார் யார் போவது என்று சொன்னேன், போனார்கள். தனியே இருந்த முதியவர்களுக்கு யார் மரக்கறி கொண்டுபோய்க் கதவடியில் வைப்பது என்று சொன்னேன், வைத்தார்கள். எட்டு மாதம் எடுக்கிற அலுவல் மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஆட்கள் தொலைபேசியில், “நீ இல்லாட்டி என்ன செய்திருப்பம்” என்றார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னை அப்படி யாரும் கேட்டதில்லை. அங்கே நான் இல்லாவிட்டால் இன்னொருவன் கரட் வெட்டுவான். உண்மையைச் சொல்கிறேன். நன்றாக இருந்தது.

ஆறு மாதம் முடிய நோய் திரும்ப ஏறியது. இணையவழிக் கூட்டம் போட்டேன். மூன்று மாதம் கூட்டித் தரச் சொன்னேன். அண்ணையின் கை திரையில் பாதி ஏறியது. “மூண்டு மாதமோ?” என்றார். “மூண்டே மூண்டு, அண்ணை.” “பிறகு இறங்கவேணும்.” கை இறங்கியது. மூன்று மாதம் கழித்து இன்னொரு மூன்று மாதம். அப்போது யாரும் கேட்கவேயில்லை.

2021 வசந்தத்தில்தான் அது நடந்தது. ஒவ்வொரு தரமும் கேட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தொந்தரவு என்று நான் ஒரு யாப்புத் திருத்தம் எழுதினேன். நிலைமை வழமைக்குத் திரும்பும் வரை ஒரே தலைவர். திகதி கிடையாது. அதுவரை மறுக்கும் உரிமையும் நிறுத்தி வைக்கப்படும். எழுதும்போது என் வயிறு அமைதியாக இருந்தது. அதைக் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டிலிருந்தே சேரலாம் என்பதால் விலகிப் போயிருந்தவர்களும் வந்திருந்தார்கள்; திரையில் நாற்பத்தொரு சதுரங்கள். முந்திய கூட்டத்தில் யாரோ வீட்டுப் பிரெஷர் குக்கர் விசிலடித்ததால் எல்லோருடைய மைக்கையும் என் பக்கத்திலிருந்து பூட்டி வைத்திருந்தேன். கதைக்க விரும்புகிறவர் கை தூக்கினால் நான் திறந்துவிடுவேன். திருத்தத்தை வாசித்தேன். “ஆருக்கும் ஆட்சேபணை இருக்கோ?” என்று கேட்டேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு சதுரத்தில் முழங்கை மேசையில் ஊன்றியது. உள்ளங்கை விரிந்தது. அது சரியாகக் கமராவை மறைத்ததால் அந்தச் சதுரம் முழுவதும் ஒரு கையாக இருந்தது. விரல் இடுக்கில் வாய் அசைவது தெரிந்தது.

நான் செய்ய வேண்டியது ஒரு பொத்தானை அமத்துவது. அந்த நேரம் யாப்பு பழையதுதான். அவர் ஒரு சொல் சொன்னால் திருத்தம் நின்றுவிடும். நான் திரும்பக் கரட் வெட்டப் போகலாம். என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்துப் போட்டேன். கை அப்படியே இருந்தது.

“அண்ணைக்கு நெட் சரியில்லைப் போல” என்றேன். சிலர் சிரிப்பது தெரிந்தது. “சரி, அப்ப நிறைவேறுது.”

இதற்குப் பிறகு ஒரு வருடம் நான் நடத்திய வாழ்க்கையை வீரம் என்று சொல்ல முடியாது. தமிழ்க் கடையில் அவருடைய தொப்பியைக் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று காலாவதித் திகதி வாசித்தேன். ஒருநாள் மெட்ரோவில் அவர் ஏறினார். நான் இறங்க வேண்டிய இடத்தில் அவர் கதவடியில் நின்றதால் கடைசித் தரிப்பு வரை போய், காரணமில்லாமல் ஒரு மலைக் கிராமத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் யாரிடமாவது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். ஒரு சொல் வெளியே வரவில்லை. அதுதான் தாங்க முடியாமல் போனது. திட்டினால் பகிடி விட்டுச் சமாளிக்கலாம். பேசாமல் இருக்கிறவரை என்ன செய்வது?

2022 சித்திரையில் நானே தேடிப் போனேன். ஏரிக்கரையில் உரோமர் காலத்துச் சுவர்களின் அடிப்பகுதிகள் புல்லுக்குள் கிடக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்துக் கட்டடத்தில் காலை வேலை முடித்துவிட்டு அவர் அங்கே ஒரு மர வாங்கில் உட்கார்ந்து பாண் சாப்பிடுவார். வேலை உடுப்போடு இருந்தார். என்னைக் கண்டதும் வாங்கில் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

“உன்ரை ஆக்கள்தான்” என்றார் கற்களைக் காட்டி. “இஞ்சை வந்து வீடு கட்டின உரோமர் எல்லாம் குடியரசு முடிஞ்சாப் பிறகு வந்தவங்கள். இந்தக் கல்லுக்குத் தேர்தல் தெரியாது.”

சிரிக்க முயன்றேன். வரவில்லை.

“அண்ணை, அண்டைக்கு நீங்கள் கை தூக்கினதைக் கண்டனான்.”

“தெரியும்.”

“வேணுமெண்டுதான் திறக்கேல்லை.”

“அதுவும் தெரியும். கண்ணாடி துடைச்சனி.”

“நீங்கள் மறுத்திருந்தால் அது நிண்டிருக்கும்.”

அவர் பாணை மென்று முடித்தார். மடியிலிருந்த துகள்களைத் தட்டினார்.

“நான் மறுக்க வந்தனான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?”

நான் அவரைப் பார்த்தேன்.

“திகதி போட்டுப் போட்டு ஏன் மினக்கெடுவான், தம்பியையே விட்டிடுவம், நான் வழிமொழியிறன் எண்டு சொல்லத்தான் கை தூக்கினனான். களைச்சுப் போனன் தம்பி. பன்னிரண்டு வருசம் மறிச்சு மறிச்சு. ஆரும் மறிக்க வராத இடத்திலை நான் மட்டும் மறிச்சு. ஒருத்தன் ஓடுறான், நல்லா ஓடுறான், ஓடட்டும் எண்டு நினைச்சன்.”

எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் நான் சுமந்த குற்றம் குற்றமே இல்லை. நான் பூட்டி வைத்தது எனக்கான ஆதரவைத்தான். இதைவிடப் பெரிய பகிடியை நான் விட்டதில்லை. வயிறு மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப கோவம் இல்லையோ அண்ணை?”

“பிறகு வந்தது. ஓம் எண்டு சொல்ல வந்தவன்ரை வாயையே இவன் பூட்டினான் எண்டால், நாளைக்கு இல்லை எண்டு வாறவனை என்ன செய்வான் எண்டு யோசிச்சன்.”

“ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.”

“என்னத்தைச் சொல்ல? நானும் ஓம் எண்டுதானே வந்தனான்.”

அவர் பாண் சுற்றியிருந்த கடதாசியை மடித்துப் பையில் வைத்தார். பிறகு எழுந்தார். “கூட்டம் வை. ஆக்களை நேரை கூப்பிடு. இறங்கு. இந்த முறை நான் மறுக்கத்தான் வருவன்.”

வைத்தேன். அதே தேவாலய மண்டபம். இரண்டு வருடத்துக்குப் பிறகு நேரில் சந்திப்பு என்பதால் பின்னால் சோறும் கறியும் ஒழுங்கு செய்திருந்தார்கள். முப்பது பேர் வந்தார்கள். நான் மேடையில் நின்று, பதவியிலிருந்து இறங்குகிறேன், பழைய யாப்பு திரும்ப வரட்டும், இரண்டு பெயர் சொல்லுங்கள் என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருடம் பகிடி விட்டவனுக்குக் கிடைக்கிற கூலி அது.

“உண்மையாத்தான் சொல்லுறன்” என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

பேக்கரிக்காரர், “சும்மா இருடாப்பா, ஆர் இப்ப ரெண்டு பேர் மாறி மாறி... எனக்கு முழங்கால் ரெண்டும் போட்டுது” என்றார். தாதி அக்கா, “நீயே இரு. ஆர் உன்னை வேண்டாம் எண்டது?” என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்து வங்கியில் வேலை செய்யும் ஒரு பிள்ளை, “அங்கிள், இப்ப நல்லாத்தானே போகுது. ஏன் மாத்துறீங்க?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

முழங்கையை ஊன்ற அண்ணைக்கு முன்னால் மேசை இல்லை. எழுந்து நின்று கையை விரித்தார். “நான் மறுக்கிறன். ஒராள் வேண்டாம்.”

“அண்ணை, மறுக்கிற சட்டம் இப்ப இல்லை” என்றார் பேக்கரிக்காரர், ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல மெதுவாக. “போன வருசம் எடுத்தாச்சு.”

“ஆர் எடுத்தது?”

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றேன். “அந்த மறுப்பை நான் ஏற்றுக்கொள்ளுறன்.” மேடையிலிருந்து இறங்கி வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மேடை வெறுமையாக இருந்தது. யாராவது ஏறுவார்கள் என்று எல்லோரும் காத்திருந்தோம். தாதி அக்கா பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தன் முழங்காலைப் பார்த்தார். அந்தப் பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

அண்ணை என் காதோடு சொன்னார். “ஒகஸ்ரஸ் எண்டவனும் ஒருக்கா இப்பிடித்தான், எல்லாத்தையும் விட்டிட்டுப் போறன் எண்டு சபையிலை சொன்னவன். வேண்டாம் வேண்டாம் எண்டு எல்லாரும் மன்றாடினவையாம்.”

“பிறகு?”

“இருந்தான். நாப்பது வருசம்.”

ஐந்து நிமிடம் போயிருக்கும். பின்னாலிருந்து யாரோ, “அப்ப சாப்பாட்டை எடுப்பமோ? ஆறுது” என்று கேட்டார். அந்தத் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. முப்பது கதிரைகளும் ஒரே நேரத்தில் இழுபட்டன.

நான் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். முன்னால் யாரோ திரும்பிப் பார்த்துவிட்டு, “தலைவருக்கு இடம் விடுங்கோ” என்றார். ஒருவர் ஒதுங்கினார், அடுத்தவர் ஒதுங்கினார். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் வழி ஏற்கெனவே திறந்திருந்தது. ஆட்கள் சுவரோடு ஒட்டி நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். அப்படி அவர்களை நிற்கவைப்பது மரியாதையில்லைப்போல எனக்குப் பட்டது. பசியும் இருந்தது. கால்கள் தாமாகவே முன்னே போய்விட்டன.

வரிசையின் முன்னால் அண்ணை நின்றிருந்தார். அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, கைலேஞ்சியால் துடைத்து, என்னிடம் நீட்டினார். இருபது வருடத்துக்கு மேலாக என்னை நீ என்றும் தம்பி என்றும் கூப்பிட்டவர்.

“பிடியுங்கோ தலைவர்” என்றார்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.